மானியத் தொகை தவறாமல் வந்து சேர நான்கு பதிவுகள்

"உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம் முன்னோர் சொல். அரசு தரும் மானியத்தைப் பொறுத்தவரை இன்று நிலைமை வேறு. இங்குக் கணக்குப் பாராதவருக்கே உழக்கும் மிஞ்சுவதில்லை. ஒரே வாய்க்காலில் பாயும் அடுத்தடுத்த இரண்டு வயல்களில் ஒரே இரக நெல் நிற்கிறது. ஒரே மழையில் இரண்டும் சாய்ந்து முளைத்துப் போகின்றன. ஒருவருக்கு நிவாரணத் தொகை வங்கிக் கணக்கில் வருகிறது, மற்றவருக்கு வரவில்லை. பயிரிலோ சேதத்திலோ வேறுபாடு இல்லை. ஒருவருடைய பயிர் அடங்கலில் ஏறியிருந்தது, மற்றவருடையது ஏறவில்லை. அவ்வளவே வேறுபாடு.

2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரிப் பரப்பு 0.75 எக்டர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. உடைமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று சிறு, குறு உழவர்களுடையவை. இவ்வளவு சிறிய நிலத்தில் மானியம் ஒரு போகம் தவறினாலும் அடுத்த பருவத்து விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்க நேரிடும். எனவே, மானியம் எவ்வழியில் வருகிறது, எங்கே தடைப்படுகிறது, தடையை நீக்க உழவர் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மானியம் வரும் வழிகள்

அரசு உதவி நான்கு வழிகளில் உழவரை வந்தடைகிறது.

1. விலையில் அடங்கிய மானியம்: 45 கிலோ யூரியா மூட்டையை ரூ.266.50 கொடுத்து வாங்குகிறோம். ஆகும் செலவுக்கும் இவ்விலைக்கும் உள்ள வேறுபாட்டை மத்திய அரசு உர நிறுவனத்துக்குச் செலுத்துகிறது. 2018 முதல் கடைக்காரர் விற்பனைக் கருவியில் உங்கள் ஆதாரைப் பதிந்து விற்ற பிறகே இத்தொகை நிறுவனத்துக்குச் செல்கிறது. ஆகையால், வாங்காத மூட்டைக்குக் கைரேகை வைக்காதீர்கள்; இரசீதைக் கேட்டுப் பெறுங்கள்.

2. பொருளாக வரும் மானியம்: சொட்டுநீர்ப் பாசனக் கருவிகள், பண்ணைக் கருவிகள், விதை, நுண்ணூட்டக் கலவை போன்றவை.

3. நேரடிப் பணம்: பிரதமரின் கிசான் திட்டத் தொகை, இயற்கைச் சேதத்துக்கான இடுபொருள் நிவாரணம் போன்றவை.

4. விலையோடும் பிரீமியத்தோடும் சேர்ந்து வரும் உதவி: நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மாநில அரசு தரும் ஊக்கத்தொகை, பயிர்க் காப்பீட்டில் அரசு ஏற்கும் பிரீமியப் பங்கு ஆகியவை.

முதல் வகை தவிர மற்ற மூன்றும் உங்கள் பெயரையும் நிலத்தையும் தேடி வருபவை. பெயரும் நிலமும் அரசின் ஏட்டில் சரியாக இல்லையெனில் உதவி வழியிலேயே நின்றுவிடும். நிலப்பதிவு, பயிர்ப்பதிவு, ஆள் அடையாளம், வங்கிக் கணக்கு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தி இருக்க வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் பதிவு: பட்டா

நிலம் யாருடையது என்பதைக் காட்டுவது பட்டா. பல குடும்பங்களில் தாத்தா காலமாகி இருபது ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே நிற்கிறது. பிள்ளைகள் வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்து, வரப்பு வெட்டி, தனித்தனியே உழுது வருகின்றனர். வயலில் பாகம் இருக்கிறது, ஏட்டில் இல்லை. இந்நிலையில் ஒருவருக்கும் தம் பெயரில் சிறு, குறு உழவர் சான்று பெற இயலாது.

இதற்கு வழி உண்டு. இறந்தவரின் இறப்புச் சான்றும், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றும் கொண்டு எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக முதலில் மாற்றிக்கொள்ளலாம். பின்னர், பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, நில அளவர் உட்பிரிவு செய்தபின் தனிப்பட்டா பெறலாம். பாகப்பிரிவினை முடியும்வரை கூட்டுப் பட்டாவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இறந்தவர் பெயரில் நிற்கும் பட்டாவைக் காட்டிலும் கூட்டுப் பட்டா எவ்வளவோ மேல். ஆனால், கூட்டுப் பட்டாவில் மானியம் கேட்கும்போது மற்றப் பங்குதாரர்களின் ஒப்புதல் கடிதம் தேவைப்படலாம் என்பதை நினைவிற் கொள்க.

ஆண்டுதோறும் வழக்கமாக மே, ஜூன் மாதங்களில் வட்டாட்சியர் அலுவலகத்தில் வருவாய்த் தீர்வாயம் என்னும் ஜமாபந்தி நடைபெறும். கிராமக் கணக்குகள் அனைத்தும் அங்கு வரும். பட்டாவில் உள்ள பெயர்ப் பிழை, பரப்புப் பிழை ஆகியவற்றுக்கு மனுக் கொடுக்க இதுவே ஏற்ற நாள். மற்ற நாள்களில் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

பட்டாவைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பரப்பு எக்டரிலும் ஏரிலும் குறிக்கப்பட்டிருக்கும். 0 - 81.00 என்றிருந்தால் எக்டர் ஏதுமில்லை, 81 ஏர் என்பது பொருள். ஏர் எண்ணிக்கையை 2.47ஆல் பெருக்கினால் சென்ட் கிடைக்கும். 81 ஏர் என்பது ஏறக்குறைய 200 சென்ட், அதாவது 2 ஏக்கர். 1 எக்டர் வரை உள்ளவர் குறு உழவர். அதற்கு மேல் 2 எக்டர் வரை உள்ளவர் சிறு உழவர்.

இரண்டாம் பதிவு: அடங்கல்

எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர் எவ்வளவு பரப்பில் நிற்கிறது என்பதைக் காட்டுவது அடங்கல். கிராம நிர்வாக அலுவலர் இதைப் பசலி ஆண்டு வாரியாக எழுதுகிறார். பசலி ஆண்டு ஜூலை 1ஆம் நாள் தொடங்கி அடுத்த ஜூன் 30ஆம் நாள் முடியும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை 1435ஆம் பசலி.

பட்டா ஒருமுறை சரியானால் நெடுநாள் நிற்கும். அடங்கல் அப்படியன்று, ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாக எழுதப்படுவது. உழவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை மூன்று.

அ) குறுவை விதைப்பு ஜூனில் நடந்து, பசலி ஜூலையில் மாறுகிறது. உங்கள் குறுவை புதிய பசலிக் கணக்கில் ஏறியுள்ளதா என்று ஜூலை இறுதிக்குள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆ) சென்ற ஆண்டு நெல் இட்ட வயலில் இவ்வாண்டு உளுந்தோ பருத்தியோ இட்டிருந்தால், பழைய பயிரே மீண்டும் எழுதப்படாதவாறு நேரில் சொல்லிப் பதியச் செய்யுங்கள். வரப்பில் உள்ள தென்னையும் ஊடுபயிரும்கூடக் குறிக்கப்பட வேண்டும்.

இ) பரப்பில் பகுதியே பயிரிட்டிருந்தால் அப்பகுதியை மட்டுமே பதியச் செய்யுங்கள். தரிசாகக் கிடக்கும் வயலுக்கு விதைப்புச் சான்று வாங்கிக் காப்பீடு செய்தால், ஆய்வின்போது பயிர் செய்த வயலுக்கு உரிய தொகையும் சிக்கலில் மாட்டிக்கொள்ளும்.

2024 நவம்பரில் தமிழ்நாட்டில் மின்னணு முறையில் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தது. வேளாண் கல்லூரி மாணவர்களும் வயல்களுக்குச் சென்று பயிரைப் படமெடுத்துப் பதிந்தனர். இத்தகைய கணக்கெடுப்புக்கு வருவோரிடம் உங்கள் வயலின் எல்லையையும் பயிர் இரகத்தையும் நீங்களே உடனிருந்து காட்டுவது நலம்.

அடங்கலில் ஒரு வரியின் மதிப்பு என்ன?

இரண்டு ஏக்கரில் சன்ன இரகச் சம்பா நெல் இட்டுள்ள ஓர் உழவரை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 24 குவிண்டால் வீதம் 48 குவிண்டால் விளைகிறது.

2025-26 கொள்முதல் பருவத்தில் சன்ன இரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,389. மாநில அரசின் ஊக்கத்தொகை ரூ.156. ஆக மொத்தம் ரூ.2,545. 48 குவிண்டாலுக்கு ஊக்கத்தொகை மட்டும் ரூ.7,488 ஆகிறது. கொள்முதல் நிலையத்தில் சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படும். அவை இல்லாதவர் களத்துமேட்டிலேயே தனியாரிடம் கேட்ட விலைக்கு விற்க நேரிடுகிறது.

பயிர் அழிந்தால் நிலைமை என்ன? மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு 2022இல் வகுக்கப்பட்ட நெறிமுறைப்படி, நூற்றுக்கு 33 பங்கும் அதற்கு மேலும் சேதமடைந்த பயிருக்கு எக்டருக்கு மானாவாரியில் ரூ.8,500, பாசன வயலில் ரூ.17,000, பல்லாண்டுப் பயிருக்கு ரூ.22,500 எனத் தொகை குறிக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் காவிரி டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் மழையில் அழிந்தபோது, தமிழ்நாடு அரசு எக்டருக்கு ரூ.20,000 அறிவித்தது. நம் உழவரின் இரண்டு ஏக்கருக்கு, அதாவது 0.81 எக்டருக்கு, அவ்வீதப்படி ரூ.16,200 ஆகிறது.

காப்பீட்டுக்கும் இதே அடங்கல்தான் ஆதாரம். 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உழவர் செலுத்த வேண்டிய பிரீமியம் காரீப் பருவ உணவுப் பயிர்களுக்கு நூற்றுக்கு 2, ராபி பருவத்துக்கு 1.5, ஆண்டுப் பணப்பயிர்களுக்கும் தோட்டப்பயிர்களுக்கும் 5 என வகுக்கப்பட்டது. மீதிப் பிரீமியத்தை அரசுகள் ஏற்கின்றன. சம்பா ராபி பருவத்தைச் சேர்ந்தது. ஏக்கருக்குக் காப்புத் தொகை ரூ.36,000 என்று வைத்துக்கொண்டால் உழவர் பங்கு ரூ.540 மட்டுமே. 2020 காரீப் பருவம் முதல் கடன் பெற்றவருக்கும் இது கட்டாயமில்லை, விருப்பத்துக்கு உரியது. ஆதலால், கூட்டுறவுச் சங்கத்தில் தானாகவே பிடித்திருப்பார்கள் என்று இருந்துவிடாமல், இரசீதைக் கையில் வாங்கிப் புல எண்ணும் பயிரும் பரப்பும் சரியா என்று பாருங்கள்.

விளைந்தாலும் அழிந்தாலும் தொகையைக் கொண்டுவருவது அடங்கலின் அந்த ஒரு வரி. விதைத்து முப்பது நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து அதை உறுதி செய்வது, முதல் மேலுரம் இடுவதைப் போன்றே தவறக் கூடாத வேலை.

மூன்றாம் பதிவு: ஆள் அடையாளம்

பட்டாவில் ‘முத்துசாமி’, ஆதாரில் ‘முத்துச்சாமி’, வங்கிப் புத்தகத்தில் ‘க. முத்துச்சாமி’ என்று இருக்கும். ஊரில் எல்லோருக்கும் மூவரும் ஒருவரே. கணினிக்கு அவர்கள் மூன்று பேர். ஆதாரில் உள்ளபடி மற்ற இரண்டையும் திருத்திக்கொள்வதே எளிது. ஆதாரிலேயே பிழையிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். உங்கள் கைப்பேசி எண்ணும் ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும்.

பிரதமரின் கிசான் திட்டம் 2019 பிப்ரவரி 24ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. ஆண்டுக்கு ரூ.6,000, நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரூ.2,000 வீதம் மூன்று தவணையாக வருகிறது. முதலில் 2 எக்டர் வரை உள்ளவர்களுக்கு என்றிருந்த வரம்பு 2019லேயே நீக்கப்பட்டது. கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு தொகை. 2019 பிப்ரவரி 1ஆம் நாள் நிலப்பதிவில் பெயர் இருந்திருக்க வேண்டும். அதன்பின் வாரிசாக நிலம் பெற்றவருக்கு விலக்கு உண்டு. வருமான வரி செலுத்துவோரும், அரசுப் பணியில் இருப்போரில் கடைநிலைப் பணியாளர் நீங்கலாக மற்றவர்களும் இதைப் பெற இயலாது.

தவணை நின்றுபோனால் மூன்று காரணங்களைப் பாருங்கள்: மின்னணு அடையாளச் சரிபார்ப்பு முடியாமை, நிலப்பதிவு இணைக்கப்படாமை, வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படாமை. அடையாளச் சரிபார்ப்பைக் கைப்பேசிக்கு வரும் கடவு எண் கொண்டோ, பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்தோ, முகம் காட்டும் செயலி வழியாகவோ முடிக்கலாம். மேலும், நிலப்பதிவையும் ஆதாரையும் ஒன்றாக இணைக்கும் தனித்துவ அடையாள எண் வழங்குவதற்காக 2025ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கிராமங்களில் முகாம்கள் நடத்தப்பட்டன. அவ்வெண் பெறாதவர்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகவும்.

நான்காம் பதிவு: வங்கிக் கணக்கு

நீங்கள் கொடுத்த வங்கிப் புத்தகத்தில்தான் பணம் ஏறும் என்று எண்ண வேண்டாம். ஆதார் அடிப்படையில் அனுப்பப்படும் தொகை, கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை மானியத்துக்காக இணைத்தீர்களோ அக்கணக்குக்கே செல்லும். ஏதோ ஒரு தேவைக்காக இரண்டாம் வங்கியில் கணக்குத் தொடங்கி ஆதாரை இணைத்தவர்கள், பணம் வரவில்லை என்று பழைய வங்கியில் அலைவது உண்டு. தொகை மற்றொரு வங்கியில் சேர்ந்துகொண்டே இருக்கும். எந்த வங்கி இணைந்துள்ளது என்பதை வங்கியிலோ அஞ்சலகத்திலோ கேட்டு அறியலாம். நெடுநாள் வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்கையும் உயிர்ப்பித்துக்கொள்ளுங்கள்.

குத்தகைக்குப் பயிரிடுவோர் கவனிக்க

மேற்சொன்ன நான்கு பதிவுகளில் முதலாவது இல்லாதவர்கள் குத்தகைதாரர்கள். பிரதமரின் கிசான் தொகை நில உடைமையாளருக்கே செல்கிறது. உழுபவர் குத்தகைதாரரானாலும் அவருக்கு வருவதில்லை. இது அத்திட்டத்தின் அமைப்பு. ஆனால், பயிரைச் சார்ந்து வரும் உதவிகளில் குத்தகைதாரருக்கும் இடமுண்டு. காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். கொள்முதல் நிலையத்தில் நெல் போடலாம். இவற்றுக்குப் பயிரிடுபவர் அவர்தாம் என்று காட்டும் கிராம நிர்வாக அலுவலரின் சான்று தேவை.

1969ஆம் ஆண்டு தமிழ்நாடு வேளாண் நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி, குத்தகைதாரர் தம் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் பதியக் கோரலாம். நில உடைமையாளர் பலர் இதற்கு அஞ்சுகின்றனர். நிலம் கைவிட்டுப் போய்விடும் என்பது அவர்கள் கவலை. இந்த அச்சத்தால் குத்தகை வாய்ப்பேச்சாகவே நிற்கிறது. வெள்ளம் வந்தால் உழைத்தவர் இழப்பைச் சுமக்க, நிவாரணம் பட்டாதாரர் கணக்குக்குச் செல்கிறது. பதிவு செய்ய இயலாத இடத்திலும், விதைப்புக்கு முன்பே இருவரும் பேசி, சேதம் ஏற்பட்டால் நிவாரணமும் காப்பீட்டுத் தொகையும் யாருக்கு என்பதை எழுத்தில் வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. கோயில், மடம் ஆகியவற்றின் நிலத்தைப் பயிரிடுவோர் குத்தகை செலுத்திய இரசீதுகளை ஆண்டு வாரியாகச் சேர்த்து வையுங்கள்.

சொட்டுநீர் மானியம்: பயிரை முடிவு செய்தபின் விண்ணப்பியுங்கள்

தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்கு 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு உழவர்களுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு நூற்றுக்கு 75 பங்கும் வழங்கப்படுகிறது. சிறு, குறு உழவர் சான்று, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக நகல் ஆகியவை வேண்டும். மண், நீர் ஆய்வும் செய்துகொள்க. முழு மானியம் என்பது அரசு வகுத்த செலவு அளவுக்கு உட்பட்டது; அதற்கு மேற்பட்ட செலவு உழவருடையது.

இதில் உழவியல் நோக்கில் ஓர் எச்சரிக்கை உண்டு. குழாயின் நீளம் பயிரின் இடைவெளியைப் பொறுத்தது. ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000ஐப் பக்கவாட்டுக் குழாய்களின் இடைவெளி மீட்டரால் வகுத்தால், தேவையான குழாயின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.5 மீட்டர் இடைவெளித் தென்னைக்கு, மரத்தைச் சுற்றி இடும் குழாய் நீங்கலாக, ஏறத்தாழ 530 மீட்டர். 1.8 மீட்டர் இடைவெளி வாழைக்கு 2,220 மீட்டர். தென்னைக்கென்று அமைத்துவிட்டு அடுத்த ஆண்டு அதே நிலத்தில் காய்கறிக்கு மாற எண்ணினால் குழாய் போதாது. ஒருமுறை மானியம் பெற்ற நிலத்துக்கு ஏழு ஆண்டு கழித்தே மீண்டும் பெற இயலும். எனவே, ஏழு ஆண்டுப் பயிர்த் திட்டத்தை முதலில் எழுதுங்கள். பிறகு விண்ணப்பத்தை எழுதுங்கள்.

கருவி அமைத்து முடிந்தது என்று கையெழுத்திடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவானின் கீழ்ப் பாத்திரம் வைத்தால் 15 நிமிடத்தில் 1 லிட்டர் சேர வேண்டும். தொட்டிக்கு அருகிலுள்ள முதற் சொட்டுவானிலும், வயலின் கடைக்கோடிச் சொட்டுவானிலும் ஒரே நேரத்தில் பாத்திரம் வையுங்கள். முதலில் 1 லிட்டர் சேர்ந்தபோது கடைசியில் 900 மில்லி லிட்டராவது இருந்தால் அமைப்புச் சரி. குறைந்தால் அழுத்தத்தையும் வடிகட்டியையும் சரிசெய்து தரச் சொல்லுங்கள். கையெழுத்திட்டபின் கேட்பதைவிட அதற்குமுன் கேட்பதற்கு வலிமை அதிகம்.

இடைத்தரகரை நம்ப வேண்டாம்

2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பிரதமரின் கிசான் திட்டத்தில் தகுதியற்ற பலர் இடைத்தரகர்கள் வழியாகச் சேர்க்கப்பட்டது வெளியாயிற்று. காவல்துறை விசாரணை நடந்தது. தொகை திரும்ப வசூலிக்கப்பட்டது. தரகுக் கூலி கொடுத்தவர்களுக்கு அக்கூலி திரும்பவில்லை. அதன்பின் சரிபார்ப்புகள் கடுமையாயின; உண்மையான உழவர்களும் கூடுதல் ஆவணம் காட்ட வேண்டியதாயிற்று. உதவி வேளாண்மை அலுவலரிடமும் இ-சேவை மையத்திலும் நேரில் விண்ணப்பித்து, விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடவு எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள். பயன்பெற்றவர் காலமானால் வாரிசுகள் உடனே தெரிவிக்க வேண்டும். அதன்பின் அவர் பெயரில் வந்த தொகையைத் திருப்பிக் கட்ட நேரும்.

ஆண்டுக்கான வேலைப் பட்டியல்

மே - ஜூன்: ஜமாபந்தியில் பட்டாப் பிழைகளுக்கு மனு. வாரிசு மாற்றம்.

ஜூலை: புதிய பசலியில் குறுவை பதிந்துள்ளதா எனப் பார்த்தல்.

அக்டோபர் - நவம்பர்: சம்பா, தாளடிக்கு அடங்கல் பெறுதல், காப்பீட்டுக் கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே பிரீமியம் செலுத்துதல்.

டிசம்பர்: மழைச் சேதம் இருந்தால் கணக்கெடுப்புக் குழு வரும்போது வயலில் இருத்தல், சேதப் பட்டியலில் பெயரைச் சரிபார்த்தல்.

ஜனவரி - பிப்ரவரி: கொள்முதலுக்குச் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் ஆயத்தம், நெல்லை ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் உலர்த்துதல்.

மார்ச் - ஏப்ரல்: கிசான் தவணைகள் மூன்றும் வந்தனவா என்று வங்கிப் புத்தகத்தில் வரவு பதித்துப் பார்த்தல், அடுத்த ஆண்டுக்கான கருவி மானியங்களைக் கேட்டறிதல்.

உழவர் பெருமக்கள் இதற்கெனத் தனியே ஒரு கோப்பு வைத்துக்கொள்வது நலம். பட்டா, அந்தப் போகத்து அடங்கல், ஆதார் நகல், வங்கிப் புத்தக முதற்பக்க நகல், காப்பீட்டு இரசீது, உர இரசீதுகள் ஆகியவை அதில் இருக்கட்டும். வீட்டில் படித்த பிள்ளை ஒருவரிடம் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுங்கள். இந்த வாரமே பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றிலும் உங்கள் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பிழை தென்பட்டால் அடுத்த விதைப்புக்கு முன் திருத்திவிடுங்கள்.